ஜப்பானியக் கோயில் கூரைகள் ஏன் அவ்வளவு பெரிதாகவும் வளைந்தும் இருக்கின்றன?

நாராவிலும் கியோட்டோவிலும் நண்பர் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். கட்டடத்தில் பாதி உயரம் கூரையாகவே இருக்கிறது, மூலைகள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன, அந்த வளைவு பேய்பிசாசு அண்டாமல் இருக்கத்தான் என்று வழிகாட்டி சொன்னாராம், உண்மையா? நிலநடுக்கம் அடிக்கடி வரும் நாட்டில் இவ்வளவு பாரத்தை ஏன் தலையில் ஏற்றினார்கள்? ஆணியே அடிக்காமல் எப்படி நிற்கிறது? மூன்றையும் சேர்த்துப் படித்தால் உங்கள் சந்தேகம் ஒன்றுதான் என்று எனக்குப் படுகிறது. அந்தக் கூரையில் எவ்வளவு தேவைக்காக, எவ்வளவு அழகுக்காக? பதில் கட்டடத்தின் வயதைப் பொறுத்தது. கி.பி. 1000க்கு முன் கட்டியது என்றால் பெரும்பாலும் கண்ணில் படுவதுதான் கூரை. அதற்குப் பிந்திய பெரிய கோயில் என்றால், கீழே நின்று நிமிர்ந்து பார்க்கும்போது தெரிவது ஒரு கூரை, மழையைத் தாங்குவது அதற்கு மேலே ஒளிந்திருக்கும் வேறொரு கூரை.

நான் படித்தது மரக் கட்டடப் பாதுகாப்பு. சில ஆண்டுகள் கியோட்டோ, நாரா பக்கம் பழுதுபார்ப்புப் பணிகளில் அளவெடுத்து வரைபடம் போட்டிருக்கிறேன். தச்சன் அல்ல. உளி பிடித்து வேலை செய்பவர்களுக்குக் கையில் தெரிவதில் பாதிகூட எனக்குத் தாளில் தெரியாது. புல் கூரையை நான் வெளியிலிருந்து பார்த்ததுதான் அதிகம். ஓடு, மரப்பட்டை இரண்டைப் பற்றியும் கொஞ்சம் தைரியமாகப் பேசலாம்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. ஜப்பானில் ஆண்டுக்குச் சராசரியாக 1,700 மி.மீ. அளவுக்கு மழை. ஜூன், ஜூலையில் நாள்கணக்கில் விடாமல் தூறும், அப்புறம் புயல் காலம். கட்டடமோ மரமும் மண்ணும் காகிதமும். சுவர் என்றால் மூங்கில் பிளாச்சைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, அதன்மேல் வைக்கோல் கலந்த களிமண்ணைப் பூசியது. ஜன்னல் என்றால் காகிதம் ஒட்டிய மரச் சட்டம். தூண் நிற்பது வெறும் கல்லின் மேல், அடி நனைந்தால் உளுத்துப்போகும். ஆகவே மழையைச் சுவரிலிருந்து எட்டத் தள்ள வேண்டும். அதற்குத்தான் இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி வெளியே நீளும் கூரைப் பகுதி, அவ்வளவு நீளம். பழைய கோயில்களில் மழைநீரைப் பிடித்து இறக்கும் குழாய் பெரும்பாலும் கிடையாது. கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் நேராகக் கீழே விழும், அந்த இடத்தில் கட்டடத்தைச் சுற்றிக் கல்லோ சரளையோ பதித்து ஒரு பட்டை போட்டிருப்பார்கள். அடுத்த முறை படம் பார்க்கும்போது தரையையும் பாருங்கள், அந்தப் பட்டை எங்கே ஓடுகிறதோ அதற்கு நேர்மேலே கூரை முடிகிறது.

இன்னொரு காரணம் வெயில். கியோட்டோ இருப்பது வடக்கே 35 டிகிரியில். ஜூன் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 78 டிகிரி உயரத்தில் இருக்கும், டிசம்பர் கடைசியில் 31 டிகிரிதான். ஒரு வீட்டின் தெற்குப் பக்கம் இறவாணம் 1.2 மீட்டர் நீண்டிருக்கிறது, அதன் விளிம்பு தரைத்தளத்திலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், கோடையில் அந்த நிழல் 5 மீட்டருக்கு மேல் கீழிறங்க வேண்டும், அதாவது அறைக்குள் ஒரு துளி நேர் வெயில் விழாது. குளிர்காலத்தில் நிழல் முக்கால் மீட்டர்தான் இறங்கும், வெயில் அறைக்குள் ஏறக்குறைய 2.9 மீட்டர் வரை வந்து பாயில் விழும். இதைச் சூரியக் கோணம் பார்த்து வடிவமைத்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். அப்படிச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. மழைக்காக நீட்டியது வெயிலுக்கும் பயன்பட்டது, பயன்பட்டதால் நிலைத்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன்.

சரி, நீட்ட வேண்டும் என்பது தெரிந்தது. நீட்டியதைத் தாங்குவது எப்படி? இங்கேதான் தூண் தலையில் அடுக்கடுக்காகப் போதிகைக் கட்டைகள் வருகின்றன. ஒவ்வொரு அடுக்கும் கீழேயுள்ளதைவிடச் சற்று வெளியே நீண்டு, கடைசியில் கூரை விளிம்புக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு விட்டத்தை ஏந்திக்கொள்ளும். கைமரங்கள், அதாவது முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கூரை மரங்கள், அந்த விட்டத்தின் மேல் படுத்திருக்கும். சீனாவிலிருந்து கொரியா வழியாகப் பௌத்தத்தோடு வந்த முறை இது. ஏழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியைச் சேர்ந்த, நாராவுக்குப் பக்கத்தில் உள்ள ஹோரியூஜி கோயிலின் பொற்கூடத்தில் மேகம் போல் செதுக்கிய போதிகைகளைப் பார்க்கலாம். ஆனால் அங்கே ஒரு பலவீனம் இருந்தது. மூலையில் போதிகை மூலைவிட்டமாக ஒரே ஒரு திசையில்தான் நீள்கிறது, இரண்டு பக்கக் கூரையின் மூலைப் பாரமும் அந்த ஒன்றின் மேல்தான். காலப்போக்கில் மேல் கூரையின் மூலைகள் தொய்ந்தன. பிற்காலத்தில் அங்கே முட்டுத் தூண்கள் கொடுத்து, அவற்றைச் சுற்றி டிராகன் செதுக்கிவிட்டார்கள். சுற்றுலா வருபவர்கள் அந்த டிராகன்களைத்தான் முதலில் படமெடுக்கிறார்கள். அது ஒரு பழுதை மறைத்த அலங்காரம்.

இதைவிடப் பெரிய சிக்கல் சரிவில் இருந்தது. இறவாணம் நீளமாகவும் வேண்டும், கூரை செங்குத்தாகவும் வேண்டும் என்றால் விளிம்பு மிகவும் கீழே இறங்கிவிடும், உள்ளே இருட்டிவிடும், ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். விளிம்பை உயர்த்தச் சரிவைக் குறைத்தால் தண்ணீர் மெதுவாக ஓடி ஓட்டிடுக்கில் திரும்பி ஏறும், ஒழுகும். நாரா காலத்து, அதாவது எட்டாம் நூற்றாண்டுக் கோயில்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவை, சரிவு குறைவு. சீனாவின் வறண்ட வடக்குப் பகுதிக்கு அது சரிப்பட்டிருக்கலாம், ஜப்பானிய மழைக்குப் போதவில்லை.

இதற்குக் கிடைத்த தீர்வுதான் ஜப்பானியக் கூரைக் கலையில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 925இல் மின்னல் தாக்கி எரிந்துபோன ஹோரியூஜியின் விரிவுரைக் கூடத்தை 990இல் திரும்பக் கட்டியபோது, கீழிருந்து தெரியும் கைமரங்களைச் சரிவு குறைவாகவே வைத்துவிட்டு, அவற்றுக்கு மேலே தனியாக இன்னொரு வரிசைக் கைமரங்களைச் செங்குத்தாக நிறுத்தி, அதன்மேல் ஓடு வேய்ந்தார்கள். நடுவில் இருக்கும் இடைவெளி வெளியிலிருந்தும் தெரியாது, உள்ளிருந்தும் தெரியாது. இன்று நின்றுகொண்டிருக்கும் கட்டடங்களில் இந்த மறைகூரைக்கு மிகப் பழைய சான்று இதுதான். மேலே உள்ளது மழைக்கு, கீழே உள்ளது கண்ணுக்கு. இரண்டும் பிரிந்துவிட்டதால் இரண்டையும் அதனதன் போக்கில் வடிவமைக்க முடிந்தது.

அடுத்த படி, அந்த ஒளிந்த இடைவெளிக்குள் ஒரு நீளமான, தடித்த மரத்தைச் செருகியது. ஹானெகி என்பார்கள். நம் ஊர்க் கிணற்று ஏற்றம் போல அது வேலை செய்யும். வெளித்தூண் வரிசைக்கு மேல் உள்ள விட்டம் அதற்கு நடுத்தாங்கல், கட்டடத்துக்குள் இருக்கும் பின்முனையைக் கூரையின் பாரமே அழுத்திப் பிடிக்கிறது, வெளியே நீளும் முன்முனை இறவாணத்தை ஏந்துகிறது. இது வந்தபிறகு கீழே தெரியும் அழகான கைமரங்களுக்குத் தாங்கும் வேலை மிகவும் குறைந்துபோனது. அவற்றை மெலிதாக்கலாம், நெருக்கமாக வரிசைப்படுத்தலாம், போதிகைகளோடு அளவு பொருந்தும்படி இடைவெளி விடலாம். மூலையில் பாருங்கள், உள்நாட்டுப் பாணிக் கட்டடங்களில் கைமரங்கள் கடைசிவரை ஒன்றுக்கொன்று இணையாகவே போகும். கடைசிச் சில கைமரங்களுக்குப் பின்னால் பிடிமானமே இல்லை, அவை மூலைக் கைமரத்தில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. தாங்குவதற்காக வைத்தால் விசிறி போல விரித்துத்தான் வைக்க வேண்டும். ஜென் கோயில்களில் அப்படி விரித்திருப்பதைக் காணலாம். பல கோயில்களில் போதிகைகள் தாங்குவதைவிடத் தாங்குவதாகக் காட்டுவதே அதிகம் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். முழுதும் அலங்காரம் என்று நான் சொல்லவரவில்லை. பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டபோது பாரம் ஏறிய தடம் மரத்தில் அழுந்தித் தெரிந்த போதிகைகளையும் பார்த்திருக்கிறேன்.

பழைய கூரைகளையும் பிற்காலத்தில் இப்படி மாற்றியிருக்கிறார்கள். நாராவில் உள்ள தோஷோதாய்ஜியின் பொற்கூடம் எட்டாம் நூற்றாண்டின் கடைசியைச் சேர்ந்தது. அதன் மரங்களில் சிலவற்றை வளையக் கணக்கு வைத்துப் பார்த்தபோது 781இல் வெட்டிய மரம் என்று தெரிந்தது. ஆனால் இன்று தெரியும் கூரை எட்டாம் நூற்றாண்டினுடையது அல்ல. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த பெரிய பழுதுபார்ப்பில் முகட்டை இரண்டு மீட்டருக்கு மேல் உயர்த்திச் சரிவைக் கூட்டிவிட்டார்கள். அந்தக் கம்பீரமான தோற்றத்தைப் பார்த்து 'நாராக் காலத்து அழகு' என்று வியப்பவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது.

இப்போது வளைவுக்கு வருவோம். இரண்டு வளைவுகள் இருக்கின்றன, பலரும் ஒன்றாகக் குழப்புகிறார்கள். ஒன்று, முகட்டிலிருந்து விளிம்பு வரை சரிவே உட்குழிந்து இறங்குவது. இன்னொன்று, விளிம்புக் கோடு மூலையை நோக்கி மேலே ஏறுவது. முதலாவது பழைய தள அமைப்போடு தொடர்புடையது. நடுவில் உயரமான கூடம், அதைச் சுற்றித் தாழ்வாரம். கூடத்தின் மேல் சரிவு அதிகம், தாழ்வாரத்தின் மேல் குறைவு. ஹோரியூஜியில் உள்ள தமமுஷி மாடம் என்ற சின்ன மாதிரிக் கோயிலின் கூரையில் இந்த இரண்டு சரிவும் சேராமல் படிபோல் முறிந்து நிற்பதைப் பார்க்கலாம். அந்த முறிவை இழைத்துவிட்டால் குழிவு வந்துவிடும். தண்ணீரைத் தூரமாக வீசியெறிய இந்தக் குழிவைக் கண்டுபிடித்தார்கள் என்பது இணையத்தில் சுற்றும் கதை, நான் நம்பவில்லை. விளிம்புக்கு வரும்போது சரிவு குறைந்தால் தண்ணீரின் வேகமும் மட்டுப்படத்தான் செய்யும்.

மூலை ஏறுவதற்குப் பரவலாக ஏற்கப்படும் விளக்கம் இது. மூலைக் கைமரம் 45 டிகிரியில் போவதால் மற்றவற்றைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக, 1.41 மடங்கு நீளம். பாரமும் அதிகம். ஆகவே அதைத் தடிமனாகப் போட வேண்டும். தடித்த மரத்தின் மேல்மட்டத்துக்கு மற்றக் கைமரங்களைச் சேர்க்க வேண்டும் என்றால் மூலையை நெருங்க நெருங்க அவற்றை உயர்த்தித்தான் ஆக வேண்டும். இதோடு கண்ணின் ஏமாற்றும் உண்டு, நீண்ட நேர்கோட்டு விளிம்பு நுனியில் தொங்கியது போலத் தெரியும். இவை இரண்டும் சேர்ந்து ஆரம்பமாகியிருக்கலாம், பிறகு ரசனை எடுத்துக்கொண்டது. பொதுவாகப் பழங்காலக் கூரைகளில் விளிம்பு முழுநீளத்துக்கும் மெல்ல வளையும், பிற்காலத்தில் நடுப்பகுதி நேராக இருந்து நுனியில் மட்டும் வெடுக்கென்று ஏறும். அனுபவசாலிகள் இதைப் பார்த்தே காலத்தைக் கணிப்பார்கள். பேய்பிசாசுக் கதைக்கு, நான் பார்த்தவரை, எந்தக் கட்டடப் பதிவிலும் ஆதாரம் இல்லை. முகட்டு நுனியில் முறைக்கும் ராட்சச முகம் வேறு விஷயம், அதற்குத் தீமையை விரட்டும் நம்பிக்கை உண்மையிலேயே உண்டு. அதற்கும்கூட முகட்டு நுனியில் மழை புகாமல் அடைக்கும் சாதாரண வேலை இருக்கிறது. வளைவு வேண்டாம் என்று முடிவெடுத்த கூரைகளும் ஏராளம். ஈசே ஆலயத்தின் கூரை நேராகச் சரியும் புல் கூரை. கியோட்டோவின் கட்சுரா மாளிகையில் கூரை எதிர்ப்பக்கமாக, மெல்லப் புடைத்து வளைகிறது. பழைய கியோட்டோக் கடைவீடுகளிலும் அந்தப் புடைப்பைக் காணலாம்.

இந்த மூலையைத் தச்சர் எப்படிக் கணக்குப் போடுகிறார் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். கையில் இருப்பது ஒரு எஃகு மூலைமட்டம்தான். அதன் முன்பக்கத்தில் சாதாரண அளவு. பின்பக்கத்தில் ஒவ்வொரு அளவும் 1.414 மடங்கு நீட்டி வெட்டியிருக்கும். ஆகவே 45 டிகிரியில் போகும் மூலை மரத்துக்குப் பின்பக்கத்தை வைத்துக் கோடு போட்டால் போதும், வர்க்கமூலம் கணக்குப் போடத் தேவையில்லை. சரிவையும் டிகிரியில் சொல்லமாட்டார்கள். பத்து அலகு கிடையாகப் போனால் எத்தனை அலகு ஏறுகிறது என்பதுதான் கணக்கு. நாலு என்றால் ஏறக்குறைய 22 டிகிரி, ஓட்டுக்கு அதற்குக் கீழே போகத் தயங்குவார்கள். பத்துக்குப் பத்து என்றால் 45. புல் கூரை அந்தப் பக்கம் போய்விடும், அதைவிடக் குறைந்தால் ஈரம் உள்ளே இறங்கிப் புல் மக்கும்.

எதை வேய்வது என்பதும் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஓடு 588இல் கொரியாவின் பேக்ஜே அரசிலிருந்து வந்த ஓட்டுக் கைவினைஞர்களோடு வந்தது, அசுகாதேரா கோயிலுக்காக. அந்தக் கோயில் பின்னால் நாராவுக்கு இடம்பெயர்ந்தபோது ஓட்டையும் எடுத்துக்கொண்டு போனார்கள். இன்றும் அந்தக் கோயிலின் தொடர்ச்சியான நாராவின் காங்கோஜியில் கூரையின் ஒரு பகுதியில் அந்தப் பழைய ஓடுகள் சில மழை வாங்கிக்கொண்டிருக்கின்றன, பழுப்பும் கறுப்பும் கலந்த நிறத்தால் தனியாகத் தெரியும். 724இல் வசதியுள்ளவர்கள் வீட்டுக்கு ஓடு போட்டுத் தூணுக்குச் சிவப்பு பூச வேண்டும் என்று அரசாணையே வந்தது. ஆனாலும் அரண்மனையும் ஷிந்தோ ஆலயங்களும் மரப்பட்டையை விடவில்லை. என்னைக் கேட்டால், ஜப்பானியக் கூரையின் தனித்தன்மை ஓட்டைவிட இந்தப் பட்டையில்தான் இருக்கிறது.

ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தின் பட்டை அது. எழுபது எண்பது வயதான மரத்தில் ஏறி, உயிர்ப்பட்டையில் காயம் படாமல் தட்டையான மரக் கருவியால் நெம்பி உரிப்பார்கள். மரம் சாகாது. எட்டுப் பத்து ஆண்டில் மறுபடி பட்டை கட்டும், இரண்டாவது முறை உரிப்பதுதான் தரமானது. அதைச் சுமார் 75 செ.மீ. நீளத் துண்டுகளாக்கி, ஒன்றின்மேல் ஒன்றாக வெறும் 1.2 செ.மீ. தள்ளித் தள்ளி அடுக்குகிறார்கள். வகுத்துப் பாருங்கள், கூரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் அங்கே அறுபது படலம் பட்டை இருக்கும், கனம் 10 செ.மீ. அளவுக்கு. அடிப்பது மூங்கில் ஆணி. ஒரு கோயில் சாரத்தின் மேல் உட்கார்ந்து நான் வெகுநேரம் வேடிக்கை பார்த்தது இதைத்தான். வேய்பவர் ஒரு கைப்பிடி ஆணியை வாயில் போட்டுக்கொள்வார். நாக்கால் திருப்பி, கூர்முனை சரியான பக்கம் வரும்படி ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளுவார். கை அதை எடுக்கும், சின்னச் சுத்தியல் இரண்டு அடி அடிக்கும், அதற்குள் அடுத்தது உதட்டில். பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, வாய் நிறைய ஆணி. மெல்லிய பட்டை என்பதால் எந்த வளைவுக்கும் வளைந்துகொடுக்கும். வாசல் முகப்பில் வில் போல் எழும்பி இறங்கும் கூரைகளுக்கெல்லாம் இது வசதி. ஓட்டைவிட எவ்வளவோ இலேசு. ஆயுள் பொதுவாக முப்பது நாற்பது ஆண்டுதான். இசுமோ ஆலயத்தின் முதன்மைக் கட்டடத்துக்கு 2008இல் தொடங்கி 2013இல் முடித்த வேய்ச்சலுக்கு ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டைகள் பிடித்தன. அங்கே மட்டும் அது ஏறக்குறைய அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலை. இந்தப் பட்டை வேய்தல், ஓடு வேய்தல், புல் வேய்தல் எல்லாம் அடங்கிய மரக் கட்டடப் பாதுகாப்புக் கலைகளை 2020இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

சாதாரண மக்கள் வீட்டுக்கு ஓடு வந்தது மிகத் தாமதம். கோயில் ஓட்டில் தட்டை ஓடு ஒன்று, அதன் இடைவெளியை மூட வளைவு ஓடு ஒன்று என்று இரண்டு வேண்டும், பாரம் அதிகம். 1674இல் ஓட்சு ஊரைச் சேர்ந்த நிஷிமுரா ஹான்பெய் இரண்டையும் இணைத்து ஒரே அலை ஓடாகச் செய்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1657இல் எடோ நகரம் (இன்றைய டோக்கியோ) பெருந்தீயில் அழிந்தபிறகு, ஓடு கீழே விழுந்து ஆள் சாகிறது என்று நகர வீடுகளில் ஓட்டைத் தடை செய்தார்கள். 1720இல் தீக்குப் பயந்து அதே ஓட்டைப் போடச் சொன்னார்கள். இன்று ஜப்பானிய ஊர் என்றதும் நினைவுக்கு வரும் சாம்பல் நிற ஓட்டுக்கடல் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தது.

புல் கூரைக்கு ஷிரகாவா கிராமத்தைச் சொல்லிவிட்டு நகர்கிறேன், 1995 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் ஊர். பனி ஆளுயரத்துக்கு மேல் விழும் மலைப்பள்ளத்தாக்கு, அதனால் கூரை 60 டிகிரி வரை செங்குத்து. சரிவுகள் கிழக்கும் மேற்கும் பார்க்கின்றன, இரண்டு பக்கப் பனியும் வெயில் பட்டு உருகும், முக்கோண முகப்புகள் ஆற்றோரக் காற்றின் போக்கில் இருக்கும். பெரிய சாய்மரங்களின் அடிமுனையைப் பென்சில் போல் சீவி விட்டத்துக் குழியில் வெறுமனே ஊன்றியிருக்கிறார்கள், மற்றதெல்லாம் கயிறும் முறுக்கிய பச்சைக் கொம்பும் போட்ட கட்டு. காற்றில் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். கூரை மாற்றும் நாளில் நூறு பேருக்கு மேல் ஊரே ஏறி வேய்கிறது.

நிலநடுக்கக் கேள்விக்கு நேர்மையான பதில்: பாரமான கூரை பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் பாதி உண்மைதான். உயரத்தில் பாரம் இருந்தால் ஆட்டத்தில் கட்டடத்தைப் பக்கவாட்டில் இழுக்கும் விசை கூடும், இதில் விவாதம் இல்லை. ஆனால் பெரிய கோயில்களில் தடித்த தூண்கள் கல்லின் மேல் சும்மா நிற்கின்றன. சாயத் தொடங்கும் தடித்த தூணை மேலே உள்ள பாரம் திரும்ப நிமிர்த்தப் பார்க்கும். பாரம் கூடினால் இந்த நிமிர்த்தும் விசையும் கூடும். நாராவின் தோதாய்ஜி கோயிலில் 1199இல் கட்டிய தெற்கு வாயிலில் தெரிவது போலத் தூண்களைத் துளைத்துக்கொண்டு போகும் குறுக்குச் சட்டங்கள் வந்தபிறகு அசைவைத் தாங்கும் சக்தி இன்னும் கூடியது. மெல்லிய தூண் வைத்த வீட்டுக்கு இந்தச் சலுகை கிடையாது. 1995 ஜனவரி 17இல் கோபே பகுதியில் 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, களிமண் பரப்பி அதன்மேல் ஓடு பதித்த பழைய வீடுகள் ஏராளமாக நொறுங்கின. பழி முழுவதும் ஓட்டின் மேல் விழுந்தது. சுவர் போதாமையும் கரையானும் உளுத்த அடிக்கட்டையும் சேர்ந்துதான் காரணம் என்று ஆய்வு செய்தவர்கள் சொன்னது அவ்வளவு தூரம் மக்களிடம் போகவில்லை. பாரம் குறைய ஓடுகள் தாமாகக் கீழே உதிரும்படி வடிவமைத்தார்கள் என்ற வாதத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். உதிர்ந்தால் பாரம் குறையும், சரி. அதற்காகவே அப்படிச் செய்தார்கள் என்பது வேறு. இன்றைய சட்டம் எதிர்த்திசையில் போகிறது, 2022 ஜனவரி முதல் புதிய வீடுகளில் ஒவ்வொரு ஓட்டையும் ஆணியோ திருகோ போட்டு இறுக்கியாக வேண்டும். அதற்குக் காரணமும் நிலநடுக்கத்தைவிட 2019இல் சிபா பகுதியில் கூரைகளைப் பிய்த்தெறிந்த புயல்தான்.

ஐந்தடுக்குக் கோபுரங்களின் நடுத்தூண் ஆட்டத்தை அடக்குகிறதா என்பதில் நிபுணர்களே ஒத்துப்போகவில்லை, நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஆனால் கூரையோடு தொடர்புடைய ஒரு விஷயம் உறுதி. அடுக்கடுக்காகப் போட்ட மரங்கள் காய்ந்து, அழுந்தி, கோபுரம் மெல்லக் குட்டையாகும். நடுத்தூண் நெடுக்குவாட்டில் அவ்வளவு சுருங்காது. அப்போது உச்சிக் கூரையைத் தூண் முட்டித் தூக்கும், இடுக்கு விழும், மழை உள்ளே போகும். சில கோபுரங்களில் தூணின் அடியை அறுத்துக் குறைத்திருக்கிறார்கள். 1818இல் திரும்பக் கட்டிய நிக்கோ கோபுரத்தில் நடுத்தூணைத் தரையில் ஊன்றாமல் நாலாம் அடுக்கிலிருந்து சங்கிலியில் தொங்கவிட்டார்கள், கோபுரத்தோடு சேர்ந்து அதுவும் இறங்கட்டும் என்று. நாராவின் யாகுஷிஜி கோயிலின் மேற்குக் கோபுரத்தை 1981இல் புதிதாக எழுப்பிய தலைமைத் தச்சர் நிஷியோகா சுனேகசு, பழைய கிழக்குக் கோபுரத்தைவிட ஏறக்குறைய ஒரு அடி உயர்த்தியே வைத்தார். சில நூற்றாண்டில் அமுங்கி இரண்டும் சமமாகும் என்பது அவர் கணக்கு. ஹோரியூஜியில் ஓட்டையும் மண்ணையும் இறக்கியபோது, ஆயிரம் ஆண்டுக்கு மேல் வளைந்து கிடந்த மரங்கள் மெல்ல மெல்ல நிமிர்ந்ததையும் அவர் சொல்லியிருக்கிறார்.

கடைசியாக ஆணி. 'ஆணியே இல்லாத கட்டடம்' என்பது சுற்றுலாப் பேச்சு. விட்டம், தூண், போதிகை இவற்றின் மூட்டுகள் மரத்தில் மரம் கோத்தவைதான், அதில் பொய் இல்லை. ஆனால் கைமரங்களை விட்டத்தோடு பிடிப்பது பட்டறையில் அடித்த நீளமான இரும்பு ஆணி, பழைய கோயில்களில் தூண்களைச் சுற்றிப் போகும் பட்டைச் சட்டங்களையும் பெரிய ஆணிகள்தான் பிடித்திருந்தன. இரும்பு அதோடும் நிற்கவில்லை. 57 மீட்டர் அகலமுள்ள தோதாய்ஜியின் பெரிய புத்தர் மண்டபத்தில், 1709இல் திறந்த அந்தக் கட்டடத்தில், கூரையைத் தாங்க கியூஷுத் தீவின் கிரிஷிமா மலையிலிருந்து 23 மீட்டர் நீளச் செம்பைன் மரங்கள் இரண்டைக் கொண்டுவந்தார்கள். அதுவும் போதாமல் கூரை தொய்ந்தது. 1906க்கும் 1913க்கும் இடையில் நடந்த பழுதுபார்ப்பில் இங்கிலாந்தில் செய்த எஃகுச் சட்டகங்களை மறைகூரைக்குள் ஏற்றினார்கள். இன்றும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓடுகளைச் சுமக்க அவை உதவிக்கொண்டிருக்கின்றன, கீழே இருந்து பார்த்தால் தெரியாது. மறைகூரையைக் கண்ணால் பார்க்க ஆசை என்றால் ஒரே வழிதான். பழுதுபார்ப்பு நடக்கும் கோயில்களில் சில நாட்கள் பொதுமக்களைச் சாரத்தின் மேல் ஏற்றிக் காட்டுவார்கள். நண்பர் மறுபடி போகிறார் என்றால் அந்த மாவட்டக் கல்வி வாரியத்தின் இணையப் பக்கத்தில் தேதி போட்டிருக்கிறார்களா என்று முன்கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.